குருத்து உயிரோடு இருக்கிறதா?

புயலுக்குப் பின் ஊர்கள் எழும் விதம் குறித்து ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு



இந்த மேடையில் எனக்கு முன்பு இலக்கியமும் வரலாறும் பேசிய அறிஞர்கள் நின்றிருக்கிறார்கள். நான் உதவி வேளாண் அலுவலராக வயல் வரப்பில் நடந்து ஓய்வு பெற்றவன். கஜா புயல் அடித்து ஏழாண்டு ஆகும் இந்த நேரத்தில், அந்தப் புயலைப் பற்றிப் பேசுங்கள் என்று அழைத்தீர்கள். புயல் அடித்த கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். இந்த மண்டபத்தில் அந்த இரவை மறந்தவர் ஒருவரும் இருக்க முடியாது. அதனால் புயல் போன பிறகு நடந்ததைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

கணக்கெடுக்கப் போன நாள்

2018 நவம்பர் 16, நள்ளிரவு கடந்த நேரம். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையேறியது. கஜா என்ற பெயரைத் தந்தது இலங்கை. யானை என்று பொருள். மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் முதலில் வடக்கிலிருந்து அடித்தது. புயலின் கண் கடந்த ஊர்களில் சற்று நேரம் காற்று அடங்கியது. போய்விட்டது என்று சனங்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். அதற்குள் தெற்கிலிருந்து திரும்ப அடித்தது. முதல் காற்றில் வேர் அசைந்து நின்ற மரங்களை இரண்டாவது காற்று சாய்த்தது. விடிந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் தோப்புகள் இருந்த இடத்தில் வானம் தெரிந்தது.

ஐந்தாறு நாள் கழித்து, பேராவூரணிக்குத் தெற்கே ஒரு சிற்றூருக்குச் சேதக் கணக்கு எடுக்கப் போனோம். நானும் கிராம நிர்வாக அலுவலரும், எங்களோடு புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு தம்பியும். வண்டி போக வழியில்லை. ஊர்ப் பிள்ளைகள் அரிவாளும் ரம்பமும் வைத்து அறுத்துத் திறந்திருந்த ஒற்றையடித் தடத்தில் நடந்தோம். எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா எங்களைத் தன் தோப்புக்குக் கூட்டிப்போனார். ஒன்றரை ஏக்கர். இருபத்தைந்தடி இடைவெளியில் வைத்தால் ஏக்கருக்கு எழுபது மரம்; ஆக நூற்றுச் சொச்சம் மரங்கள். முக்கால்வாசி கீழே கிடந்தன.

எங்கள் கையிலிருந்த தாளில் விழுந்தது, நிற்பது என்று கட்டம் போட்டு எண்ணிக்கொண்டு வந்தோம். அந்த அம்மா ஒரு மரத்தடியில் நின்றுவிட்டார். மரம் நேராக நின்றது. ஆனால் தலைப்பகுதியைக் காற்று முறுக்கித் திருகியிருந்தது.

“தம்பி, இத எந்தக் கணக்குல எழுதுவீங்க?”

“நிக்குதுல்லம்மா” என்றார் எங்களோடு வந்த தம்பி.

“நிக்குதுதான். ஆனா செத்துப்போச்சேய்யா.”

பத்தடி தள்ளி இன்னொரு மரம், வரப்பின் மேல் நீட்டிப் படுத்துக் கிடந்தது. ஒரு பக்கத்து வேர் பிய்ந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்க, மறுபக்கத்து வேர் மண்ணுக்குள்தான் இருந்தது. அந்த அம்மா குனிந்து மட்டைகளை விலக்கிக் காட்டினார். நடுவில் குருத்து வெளிர்ப்பச்சையாக, ஈரத்தோடு இருந்தது.

“இது விழுந்து கெடக்கு, ஆனா உசுரு இருக்கு. இத மட்டும் வெட்டச் சொல்லிடாதீங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

முப்பது ஆண்டுகளுக்கு மேல் தென்னையோடு பழகியவன் நான். எனக்குத் தெரியாததை அவர் சொல்லவில்லை. மா, பலா முறிந்தால் கிளை வெடித்துத் துளிர்க்கும். தென்னைக்கு அந்த வசதி இல்லை. அதன் வளர்ச்சி முழுவதும் உச்சியில் இருக்கும் ஒற்றைக் குருத்தில் அடங்கியிருக்கிறது. அது முறிந்தால் ஆறேழு மாதம் பச்சையாக நின்றாலும் மரம் பட்டுவிட்டது என்றே பொருள். அது பிழைத்தால் தரையில் கிடக்கிற மரமும் தலையைத் தூக்கும். இவ்வளவும் தெரிந்த நான், அன்று விழுந்ததையும் நின்றதையும் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். கொண்டை முறிந்தவற்றையும் இழப்பில் சேர்க்கப் பிறகு வழி கிடைத்தது. ஆனால் அந்த அம்மாவின் கேள்வி என்னை விடவில்லை. ஒரு மரத்துக்குக் கேட்ட கேள்வியை ஓர் ஊருக்கும் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றியது. எது விழுந்தது என்று எண்ணுகிறோம். எதில் உயிர் இருக்கிறது என்று பார்க்கிறோமா? இன்றைக்கு நான் பேச வந்தது இதைத்தான்.

உயிர் காக்கக் கற்றுக்கொண்டோம்

முதலில் நாம் சாதித்ததைச் சொல்லிவிடுகிறேன். வங்கக் கடலின் கரையில் புயல் என்றாலே பிணக்குவியல் என்று இருந்த காலம் ஒன்று உண்டு. டெல்டாவில் பெரியவர்கள் இன்னும் 1952 புயலையும் 1955 புயலையும் ஆண்டுக் கணக்குக்கு அடையாளமாகச் சொல்வார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி ஒரே இரவில் அழிந்தது. பாம்பனிலிருந்து போன ரயில், ஏறியவர்களோடு கடலுக்குள் போயிற்று. 1977 நவம்பரில் நாகையைத் தாக்கிய புயல் ஓய்ந்து ஒரு வாரத்தில் ஆந்திராவின் திவி சீமையில் கடல் ஏறி வந்து சுமார் 10,000 பேரைக் கொண்டுபோயிற்று. 1999 அக்டோபரில் ஒடிசாவில் மறுபடியும் அதே அளவு சாவு.

ஒடிசா அதற்குப் பிறகு பாடம் படித்தது. பேரிடர் மேலாண்மைக்கென்று தனி ஆணையம் அமைத்தது. கடலோரம் நெடுகப் புயல் காப்பகங்கள் கட்டியது. ஊர் ஊராகத் தன்னார்வலர்களைப் பழக்கியது. 2013-ல் பைலின் புயல் வந்தபோது சுமார் 10 லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். ஆயிரங்களில் இருந்த உயிரிழப்பு சில பத்துகளுக்குள் நின்றது. கஜாவிலும் கரையேறும் முன்பே 80,000-க்கும் மேற்பட்டவர்களை முகாம்களுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அப்படியும் ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தோம். ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் இழப்புதான். ஆனால் முன்னெச்சரிக்கை இல்லாதிருந்தால் அந்த எண் எங்கே போயிருக்கும் என்பதைக் கடலோரத்தில் இருப்பவர்கள் அறிவார்கள். எச்சரிக்கை தந்த வானிலை ஆய்வாளர்களுக்கும், அந்த இரவில் வீடு வீடாகக் கதவைத் தட்டிய அலுவலர்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

உயிரைக் காத்துவிட்டோம். காப்பாற்றிய உயிர் மறுநாள் முதல் எதைக் கொண்டு வாழும்? இந்தக் கேள்விக்கு நம்மிடம் அந்த அளவுக்குத் தெளிவான விடை இல்லை.

தென்னையின் நாட்காட்டி

நிவாரணத்துக்கு ஒரு நாட்காட்டி உண்டு. முகாம் சில நாள், நிவாரணப் பொருள் சில வாரம், பணம் வங்கிக் கணக்குக்கு வரச் சில மாதம். அரசின் நிதியாண்டு மார்ச்சில் முடிந்துவிடும். தென்னைக்கு வேறு நாட்காட்டி.

தென்னை மாதம் ஒரு மட்டை விடும். ஒவ்வொரு மட்டையின் இடுக்கிலும் ஒரு பாளை. நாம் பறிக்கும் தேங்காய் எப்போது தொடங்கியது தெரியுமா? பாளையின் கரு மரத்துக்குள் உருவானதிலிருந்து காய் முற்றும் வரை சுமார் 44 மாதங்கள். பாளை வெடித்துக் காய் முற்ற ஓராண்டு. அதற்கு முன்பு, கண்ணுக்குத் தெரியாமல் மரத்துக்குள்ளேயே ஏறக்குறைய இரண்டே முக்கால் ஆண்டு. ஆகவே புயலில் அலைக்கழிந்து தப்பி நின்ற மரம்கூட அந்த அடியை மூன்று நான்கு ஆண்டு காய்ப்பில் காட்டும். விழுந்த இடத்தில் புதிதாக வைத்தால், நெட்டை ரகம் காய்க்க ஆறேழு ஆண்டு ஆகும். ஒட்டு ரகம் நான்கைந்து ஆண்டில் காய்க்கும்.

இதற்கு நடுவில் வேறு துன்பங்கள். தோப்புக்குள் கிடந்து மக்கிய மரங்களில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். பெருகிய வண்டு பிழைத்து நிற்கும் மரத்தின் குருத்தைக் குடையும். குடைந்த காயத்தில் சிவப்புக் கூன்வண்டு இறங்கும். அதனால்தான் விழுந்த மரத்தை உடனே அப்புறப்படுத்துங்கள் என்று வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தாரும் நாங்களும் ஊர் ஊராகச் சொன்னோம். ஆனால் ஒரே நேரத்தில் லட்சக்கணக்கான மரம் விழுந்தால் அறுக்க ஆள் எங்கே, இழுக்க இயந்திரம் எங்கே? செங்கல் சூளைக்குக் கேட்ட விலைக்கு லாரி லாரியாக ஏற்றிவிட்டவர்கள் உண்டு. ஏற்றுக்கூலிக்கே வழியில்லாமல் தோப்போரம் உருட்டிப் போட்டவர்களும் உண்டு.

அரசு விழுந்த மரத்துக்கு 600 ரூபாயும், அதை அப்புறப்படுத்த 500 ரூபாயும் கொடுத்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்கிட்டால் 1,92,500 ரூபாய். முன்பு தந்த இழப்பீட்டோடு ஒப்பிட்டால் இது கூடுதல்தான். அதை மறைக்கக் கூடாது. ஆனால் நல்ல பராமரிப்பில் ஒரு மரம் ஆண்டுக்கு நூறு காய் தரும். காய் பத்து ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு ஆயிரம். ஏழாண்டு காத்திருக்க வேண்டிய குடும்பத்துக்கு மரத்தின் பேரால் கிடைத்த 600 ரூபாய் ஓராண்டு வருமானத்துக்கும் குறைவு. தென்னை வளர்ச்சி வாரியத்தின் காப்பீட்டுத் திட்டம் கஜாவுக்கு முன்பே இருந்தது. 4 வயது முதல் 60 வயது வரையுள்ள மரங்களைச் சேர்க்கலாம். முதிர்ந்த மரத்துக்கு ஆண்டு பிரீமியம் 14 ரூபாய், அதிலும் விவசாயி கட்ட வேண்டியது கால்பங்கு. நான் நடந்து பார்த்த தோப்புகளில் அதில் சேர்ந்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சேர்க்க வேண்டிய வேலையில் எனக்கும் பங்கு இருந்தது. புயல் வராத ஆண்டுகளில் அதை நாங்கள் வற்புறுத்திச் சொல்லவில்லை. அந்தக் குறையை இந்த மேடையில் ஒப்புக்கொள்கிறேன்.

தென்னையை மட்டும் சொல்வதால் மற்றவை தப்பின என்று எண்ண வேண்டாம். ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் பலாவும் மாவும் பூந்தோட்டங்களும் போயின. மல்லிப்பட்டினத்தில் படகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நொறுங்கின. வேதாரண்யத்து உப்பளங்களில் கடற்சேறு படிந்தது. கோடியக்கரைக் காட்டின் வெளிமான்கள் சில காரைக்கால் கரையில் பிணமாக ஒதுங்கின. ஆனால் பாத்தியைச் சுரண்டி அடுத்த பருவத்தில் உப்பு வாரலாம். தென்னையை அப்படி அவசரப்படுத்த முடியாது.

பட்டா இல்லாதவர்கள்

இழப்பீடு மரத்துக்கு. மரம் பட்டாதாரருக்கு. அப்படியானால் மரத்தை நம்பிப் பிழைத்த மற்றவர்கள்?

ஒரு தோப்பில் எத்தனை பேர் கைபடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஏறிப் பறிப்பவர், பொறுக்கிச் சுமப்பவர், மட்டை உரிப்பவர், கீற்று முடையும் பெண்கள், கயிறு திரிப்பவர்கள், தேங்காய் மண்டியில் எண்ணிப் போடுபவர்கள், லாரி ஓட்டுபவர். இவர்களில் ஒருவர் பெயரும் அடங்கலில் இல்லை. கோயில் நிலத்தில் பயிர் வைத்தவருக்கும், வாய்மொழிக் குத்தகைக்குத் தோப்பு எடுத்தவருக்கும் காட்டக் காகிதம் இல்லை. கீற்று முடையும் ஓர் அக்கா என்னிடம் சொன்னார்: “சார், மரம் விழுந்த மொத மாசம் கீத்துக்குப் பஞ்சமே இல்ல, மொடஞ்சு மாளல. ரெண்டாம் மாசத்துலேருந்து மொடையக் கீத்தே இல்ல.” கூரை இழந்த வீடுகளுக்கெல்லாம் கீற்று தேவைப்பட்ட நேரத்தில், கீற்று தரும் மரமே இல்லாமல் போன நிலை அது.

அப்போது இன்னொரு சுமையும் சேர்ந்தது. மகளிர் குழுக்களின் பெயரில் தனியாரிடம் வாங்கிய கடனுக்கு வாரத் தவணை. வீட்டுக்குக் கூரை இல்லை, வேலை இல்லை. தவணைக்காரர் மட்டும் வாசலில். பெண்கள் திரண்டு போய் ஆட்சியரிடம் முறையிட்ட பிறகே பல ஊர்களில் வசூலை நிறுத்திவைத்தார்கள். ஆண்கள் பலர் திருப்பூருக்கும் சென்னைக்கும் கிளம்பினார்கள். இவர்கள் போனது எந்தச் சேதக் கணக்கிலும் ஏறவில்லை. ஏறத் தெரிந்த ஆள் ஊரைவிட்டுப் போய்விட்டால், ஏழாண்டு கழித்துக் காய்க்கும் மரத்தில் யார் ஏறுவது? மனிதர் போவதும் மரம் விழுவதைப் போன்ற சேதம்தான்.

நியூ ஆர்லியன்ஸில் நடந்தது

இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைக்க வேண்டாம். உலகத்திலேயே பணக்கார நாடு என்று சொல்லப்படும் அமெரிக்காவில், 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா சூறாவளி கரையேறியது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் ஏறக்குறைய பாதி கடல் மட்டத்துக்குக் கீழே இருப்பது. அதைக் காத்து நின்ற கரைகளும் சுவர்களும் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் உடைந்தன. நகரத்தின் 80 சதவீதம் நீரில் மூழ்கியது. 2000-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 4,84,674 பேர் இருந்த நகரத்தில் 2010-ல் இருந்தவர்கள் 3,43,829 பேர்தான். வெளியேறியவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை.

ஏன் திரும்பவில்லை? வீடு கட்ட அரசு பணம் கொடுத்தது. ஆனால் அந்தத் தொகையை, வீட்டைத் திரும்பக் கட்ட ஆகும் செலவோடு, புயலுக்கு முன் அந்த வீட்டுக்கு இருந்த சந்தை மதிப்பையும் ஒப்பிட்டு, எது குறைவோ அதை வைத்துக் கணக்கிட்டார்கள். கருப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளில் வீட்டுக்குச் சந்தை மதிப்பு குறைவு. ஆனால் சிமெண்டும் பலகையும் எல்லோருக்கும் ஒரே விலை. ஆக, இல்லாதவருக்குக் குறைவாகவே கிடைத்தது. வழக்கு நடந்து 2011-ல்தான் சமரசம் ஏற்பட்டது. அங்கே இன்னொரு சிக்கலும் இருந்தது. லோயர் நைன்த் வார்டு போன்ற பகுதிகளில் தாத்தா கட்டிய வீட்டில் பேரன் குடியிருப்பான். பெயர் மாற்றிய பத்திரம் இருக்காது. பத்திரம் இல்லாதவர் உதவிக்கு அலைய வேண்டியிருந்தது. படிக்கும்போது எனக்கு நம் ஊர் பட்டாதான் நினைவுக்கு வந்தது. கடல் தாண்டினாலும் காகிதம் இல்லாதவன் பாடு ஒன்றாகத்தான் இருக்கிறது.

அதே நகரத்தின் கிழக்கு ஓரத்தில் வெர்சாய் என்று அழைக்கப்படும் ஒரு பகுதி உண்டு. 1975-க்குப் பிறகு அகதிகளாக வந்த வியட்நாமியர்கள் குடியேறிய இடம். பெரிய செல்வர்கள் இல்லை, மீன்பிடியும் சிறுகடைகளும்தான். அந்தப் பகுதியும் மூழ்கியது. ஆனால் சில வாரங்களிலேயே அவர்கள் திரும்பத் தொடங்கினார்கள். அங்கிருந்த மாதா கோயிலின் பங்குத்தந்தை வியென் தே நுயென், சிதறிப்போன முகாம்களுக்குத் தேடிச்சென்று தம் மக்களைச் சந்தித்தார். ஆளே இல்லாத இடத்துக்கு மின்சாரம் எப்படித் தருவது என்ற கேள்வி எழுந்தபோது, திரும்பி வந்தவர்களின் பெயர்ப் பட்டியலைத் திரட்டிக் கொண்டுபோய் மின் நிறுவனத்திடம் வைத்தார். மின்சாரம் வந்தது. அடுத்த ஆண்டு நகரத்தின் இடிபாட்டுக் குப்பையை அவர்கள் பகுதிக்குப் பக்கத்தில் கொட்டத் தொடங்கியபோது, முதியவர்களும் இளைஞர்களும் சேர்ந்து போராடி அந்தக் கிடங்கை மூடவைத்தார்கள். இரண்டாண்டுக்குள் அந்த மக்களில் பெரும்பாலோர் வீடு திரும்பியிருந்தார்கள்.

டேனியல் ஆல்ட்ரிச் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர், கத்ரீனாவுக்குச் சில வாரம் முன்புதான் அந்த நகரத்தில் குடியேறினார். வெள்ளத்தில் வீட்டை இழந்தார். பிறகு அவர் டோக்கியோ, கோபே நிலநடுக்கங்களையும், 2004 சுனாமிக்குப் பிந்தைய தமிழகக் கடற்கரையையும், கத்ரீனாவையும் சேர்த்து ஆராய்ந்து 2012-ல் ஒரு நூல் எழுதினார். சேதத்தின் அளவையோ, வந்த பணத்தையோ மட்டும் வைத்து ஓர் ஊரின் மீட்சியைச் சொல்லிவிட முடியாது; மக்களுக்குள் இருக்கும் உறவும், வெளியே அவர்களுக்கு இருக்கும் தொடர்புமே மீட்சியைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்பது அவர் கண்ட முடிவு.

இதில் நாம் கவனிக்க வேண்டிய மறுபக்கம் ஒன்றை அவர் நம் கடற்கரையில்தான் கண்டார். கட்டுக்கோப்பான ஊர்ப் பஞ்சாயத்து உள்ள மீனவக் கிராமங்களுக்கு உதவி விரைந்து வந்தது. அந்தக் கட்டுக்கு வெளியே இருந்த தலித் மக்களும் கைம்பெண்களும் பட்டியலில் விடுபட்டுப்போனார்கள். உறவு பலமாக இருப்பது நல்லதுதான். ஆனால் அந்த உறவின் வேலி யாரை வெளியே நிறுத்துகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஊர் ஒற்றுமை என்று நாம் பெருமையாகச் சொல்லும்போது, அதில் காலனியும் சேர்ந்ததுதானா என்று ஒவ்வொருவரும் மனச்சாட்சியைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும். கஜாவில் கூரை வீடு இழந்தவர்களில் பெரும்பகுதி யார் என்பது நமக்குத் தெரியும்.

கடைமடையில் துளிர்த்தது

இனி நான் கண்ணால் கண்ட குருத்துகளைச் சொல்கிறேன்.

ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சாய்ந்தன. மின்சாரம் இல்லாததால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. எங்கள் பக்கத்து ஊரில் வீட்டுக்கு இவ்வளவு என்று போட்டு ஒரு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்தார்கள். முதல் நாள் தொட்டியை நிரப்பியதும், அதைத் தள்ளிக்கொண்டுபோய் அடுத்த ஊருக்குக் கொடுத்தார்கள். எந்தத் தெருவுக்கு முதலில் தண்ணீர் விடுவது என்று பேச்சு வந்தபோது, குழந்தைகள் அதிகம் உள்ள தெருவுக்கு விடுவோம் என்று ஒரு பெரியவர் சொன்னார். யாரும் மறுக்கவில்லை.

மின்கம்பம் நட வெளிமாநிலத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கேரளத்திலிருந்து வந்தவர்களை நான் மறக்க முடியாது. அதே ஆண்டு ஆகஸ்டில் அவர்கள் ஊரே வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. மூன்று மாதம் கழித்து இங்கே சேற்றில் நின்று கம்பம் தூக்கினார்கள். கேரள அரசு 10 கோடி ரூபாயும் தந்தது. இடுப்பளவு நீரில் தம் வீட்டை மீட்டவர்களுக்கு, பிறர் வீட்டு இருட்டு புரிந்திருக்கிறது.

வெளியூரில், வெளிநாட்டில் இருந்த எங்கள் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். முதலில் அரிசியும் தார்ப்பாயும் கொண்டுவந்தார்கள். நெடுஞ்சாலை ஓரத்து ஊர்களிலேயே லாரிகள் நின்றுவிடுவதைப் பார்த்து, உள்ளொடுங்கிய ஊர்களுக்கு வாட்ஸ்அப்பில் பட்டியல் போட்டுப் பிரித்து அனுப்பினார்கள். அந்தப் பட்டியல் போட்ட கைகள் பிறகு ஏரியைத் தொட்டன. கடைமடைப் பகுதி ஒருங்கிணைந்த விவசாயிகள் சங்கம் பிறந்தது அப்படித்தான். சுருக்கமாகக் கைஃபா என்கிறார்கள். 2019-ல் 564 ஏக்கர் பரப்புள்ள பேராவூரணிப் பெரியகுளத்தைத் தூர்வாரும் வேலையில் இறங்கினார்கள். புயலுக்கும் குளத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்டார்கள். தென்னம்பிள்ளை வைத்தால் அதற்குத் தண்ணீர் வேண்டும். கல்லணைக் கால்வாயின் கடைசி மடையில் இருக்கிறவர்களுக்குக் குளம் நிரம்பினால்தான் ஆழ்துளைக் கிணற்றில் நீர் ஊறும். புயலுக்கு முந்திய நிலைக்குத் திரும்பினால் போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை. முந்திய நிலையிலேயே ஒரு குறை இருந்ததைக் கண்டு அதைச் சரிசெய்தார்கள்.

அந்தப் புயலில் பனை பெரும்பாலும் நின்றது. அதைப் பார்த்த இளைஞர்கள் குளக்கரையெங்கும் பனங்கொட்டை ஊன்றினார்கள். தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பது பழமொழி. பார்க்கவும் கிடைக்காது என்று தெரிந்தே எழுபது வயதுக்காரர்களும் கொட்டை பொறுக்கிக் கொடுத்தார்கள். விவசாயிகளும் ஒரே பயிரை நம்புவதன் ஆபத்தைப் பார்த்தார்கள். தென்னம்பிள்ளைகள் வளரும் வரை இடையில் உளுந்து, கடலை, வாழை என்று ஊடுபயிர் வைத்துக் காலம் தள்ளினார்கள்.

என் வேண்டுகோள்

போன மாதம் அந்த அம்மாவின் தோப்புக்குப் போனேன். 2019-ல் வைத்த பிள்ளைகள் பாளை விட்டிருக்கின்றன. வரப்பில் படுத்துக் கிடந்த அந்த மரத்தை வெட்டவில்லை. தண்டு பத்தடி தூரம் தரையோடு ஓடி, பிறகு யானைத் துதிக்கைபோல் வளைந்து மேலே போகிறது. குலை தள்ளியிருக்கிறது. ஏற வேண்டியதில்லை, பேரப்பிள்ளை நின்றபடியே கை நீட்டி ஓர் இளநீரைத் திருகிப் பறித்து என்னிடம் கொடுத்தான். அந்த அம்மாவுக்கு இப்போது கண்பார்வை மங்கிவிட்டது. “எழுத வந்த தம்பியா? குடிங்க, ஒங்க கணக்குல விழுந்த மரம்தான்” என்றார்.

அந்த இளநீரைக் குடித்த கடனுக்கு மூன்று வேண்டுகோள்களை இங்கே வைக்கிறேன்.

முதலாவது அரசுக்கு. சேதக் கணக்கை ஒருமுறை எடுத்து மூடிவிடாதீர்கள். மரப்பயிர் வட்டாரங்களில் மூன்றாம் ஆண்டும் ஏழாம் ஆண்டும் மறுபடி எடுங்கள். நட்ட பிள்ளைகளில் எத்தனை பிழைத்தன, ஊரைவிட்டுப் போன குடும்பங்கள் திரும்பினவா என்று பாருங்கள். உதவியையும் அதற்கேற்பத் தவணையாகக் கொடுங்கள்.

இரண்டாவது, பின்வரிசையில் இருக்கும் என் விவசாயப் பெருமக்களுக்கு. மரத்தைக் காப்பீடு செய்யுங்கள். பிரீமியம் ஓர் இளநீர் விலைகூட இல்லை. உங்கள் தோப்பில் ஏறியவருக்கும் உரித்தவருக்கும் முடைந்தவருக்கும் நலவாரிய அட்டை இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். புயலுக்குப் பிறகு கேட்டால் அது வெறும் அனுதாபமாகத்தான் முடியும்.

மூன்றாவது, மாணவச் செல்வங்களுக்கு. இந்தக் கல்லூரிக்கு எத்தனையோ கிராமங்களிலிருந்து வருகிறீர்கள். ஒவ்வொருவரும் உங்கள் ஊருக்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தனியாக இருக்கும் முதியவர் யார், பட்டா இல்லாமல் பயிர் செய்பவர் யார், கூரை வீடுகள் எத்தனை, எந்தத் தெரு கடைசியாகத் தண்ணீர் பெறுகிறது, ஜெனரேட்டர் யாரிடம் இருக்கிறது, மர அறுவை இயந்திரம் யாரிடம் இருக்கிறது, வெளியூரில் இருக்கும் நம் ஆட்களின் எண்கள் என்ன என்று எழுதுங்கள். ஊரோடு நிறுத்தாமல் காலனிக்கும் போய் எழுதுங்கள். எழுதுவதற்காக நீங்கள் ஏறி இறங்கும் ஒவ்வொரு திண்ணையும், அடுத்த புயலன்று உங்களுக்குத் தெரிந்த வீடாக இருக்கும்.

அந்த நோட்டை ஒவ்வொரு ஐப்பசியிலும் எடுத்துப் பார்த்துத் திருத்துங்கள். கார்த்திகையில் கடல் எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும்.